ஹப் டைனமோ, யூ.எஸ்.பி. சார்ஜர், பெடல் ஜெனரேட்டர்: மூன்றையும் மிதித்துப் பார்த்ததில்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பிவிடலாம். சைக்கிள் விளக்குக்கு ஹப் டைனமோ (சக்கரத்தின் நடுவிலேயே இருந்து, சக்கரம் சுற்றும்போது மின்சாரம் தருவது) என்றால் யோசிக்காமல் வாங்கலாம். அதே டைனமோவில் செல்போன் சார்ஜ் செய்வது, நீங்கள் எப்படிப்பட்ட பாதையில் எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, நின்ற இடத்திலேயே மிதித்து, வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் பெடல் ஜெனரேட்டரை மின்சாரத்துக்காக வாங்குவதாக இருந்தால், வேண்டாம். உடற்பயிற்சிக்கு என்றால் அது வேறு கதை, அதற்கும் வருகிறேன்.

மூன்றையுமே சொந்தமாக வைத்துப் பல மாதங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டும் ஒரே சைக்கிளில் இருக்கின்றன: முன்சக்கரத்தின் நடுவே ஹப் டைனமோ, ஒரு எல்.இ.டி. முகப்பு விளக்கு, பின்விளக்கு, ஹேண்டில்பாருக்குக் கீழே, டைனமோ மின்சாரத்தைப் போன் சார்ஜுக்கு ஏற்றபடி மாற்றும் சின்ன யூ.எஸ்.பி. கன்வெர்ட்டர். மூன்றாவது வீட்டு மூலையில் நிற்கிறது. எந்த நிறுவனமும் எனக்கு எதையும் இலவசமாகக் கொடுக்கவில்லை, அதனால் யாருக்கும் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

டைனமோ என்றதும் பலருக்கும் நினைவு வருவது டயரின் பக்கவாட்டில் உரசிச் சுற்றும் அந்தப் பழைய பாட்டில் டைனமோதான். அதை நான் மட்டம் தட்ட மாட்டேன். விலை குறைவு, எந்தச் சைக்கிளிலும் பத்து நிமிடத்தில் மாட்டலாம், வேண்டாதபோது டயரிலிருந்து விலக்கிவிட்டால் துளி இழுவை கூட இருக்காது. ஆனால் மாட்டியிருக்கும்போது அது படுத்துகிற பாடு கொஞ்ச நஞ்சமல்ல. கொர்ர் என்ற சத்தம், டயர் பக்கச் சுவரில் தேய்மானம், மழை பெய்தால் வழுக்கல், எப்போது விளக்கு அவசியம் வேண்டுமோ அப்போதுதான் அது அணைந்து அணைந்து எரியும். நாம் கொடுக்கும் உழைப்பில் 20 முதல் 40 சதவீதம்தான் மின்சாரமாக மாறுகிறது, மிச்சமெல்லாம் ரப்பரைச் சூடாக்கவும் சத்தம் போடவும் போய்விடுகிறது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று, அதன் கோணம். பாட்டிலின் நடு அச்சை நீட்டிக் கோடு போட்டால் அந்தக் கோடு சக்கரத்தின் மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தால் கூட உருளை டயரின் மேல் உருளாமல் இழுபட்டு அரைக்க ஆரம்பித்துவிடும். ‘டைனமோ போட்டால் மிதிக்கவே முடியவில்லை’ என்று சொல்பவர்களின் சைக்கிளைப் பார்த்தால், பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

ஹப் டைனமோ புது விஷயம் ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1936லேயே டைனோஹப் என்று ஒன்றை விற்கத் தொடங்கிவிட்டது. 1990களில் ஜெர்மனியின் வில்ஃபிரீட் ஷ்மிட் செய்த சான் டைனமோவும், அப்புறம் ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்தின் ஹப்களும் வந்தபிறகுதான் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் மத்தியில் இது மறுபடி பரவியது. உள்ளே இருப்பது எளிமையான ஏற்பாடு. அச்சோடு சேர்ந்து அசையாமல் நிற்கும் ஒரு செம்புக் கம்பிச் சுருள், அதைச் சுற்றி நகங்கள் போல மடிந்திருக்கும் இரும்பு முனைகள், வெளிக்கூட்டில் ஒட்டியிருக்கும் காந்த வளையம். சக்கரம் சுற்றினால் காந்தம் சுற்றும், சுருளில் மாறுதிசை மின்னோட்டம் வரும். பல்சக்கரமும் இல்லை, உரசலும் இல்லை, மழைக்கும் சேற்றுக்கும் கவலையே இல்லை. செயல்திறன் 50 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது.

கணக்கு என்று பார்த்தால் பெரும்பாலான சைக்கிள் டைனமோக்கள் ஜெர்மன் விதிகளை ஒட்டிய ஒரே அளவில்தான் வருகின்றன: மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 6 வோல்ட், 3 வாட், அதாவது அரை ஆம்பியர். இந்த அரை ஆம்பியர்தான் இந்தச் சமாச்சாரத்தின் உயிர்நாடி. சக்கரம் வேகமாகச் சுற்றச் சுற்றச் சுருளில் உருவாகும் வோல்டேஜ் ஏறும், ஆனால் அதிர்வெண்ணும் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை திசை மாறி வருகிறது என்பது) கூடுவதால் சுருளே மின்னோட்டத்துக்குக் கூடுதலாகத் தடை போடும், இரண்டும் கிட்டத்தட்டச் சரிக்கட்டிக்கொள்ளும். அதனால் மின்னோட்டம் அரை ஆம்பியரைத் தாண்டி அதிகம் போகாது. இறக்கத்தில் 40 கிலோமீட்டரில் பறந்தாலும் விளக்கு ஏன் புகைந்து போவதில்லை என்பதற்கு விடை இதுதான். எந்தச் சிப்பும் இல்லாமல் வெறும் இரும்பும் செம்பும் தானாகவே இந்தக் கட்டுப்பாட்டைச் செய்கிறது, எனக்கு இன்னமும் அது ஆச்சரியம்தான். பழைய குண்டு பல்பு காலத்தில் முன்விளக்குக்கு 2.4 வாட், பின்விளக்குக்கு 0.6 வாட் என்று பங்கு பிரித்துக் கொடுத்திருந்தார்கள். முன் பல்பு உயிரைவிட்டால் மொத்த மின்னோட்டமும் பாவம் அந்தச் சின்ன பல்பின் தலையில் விழுந்து அதுவும் அடுத்த நொடியே போய்விடும். எல்.இ.டி. விளக்குகள் வந்தபிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது.

சரி, ஓட்டும்போது எப்படி இருக்கிறது? விளக்கை அணைத்துவிட்டால் டைனமோ இருப்பதே தெரியாது. கையால் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால் காந்தம் இழுப்பது விட்டுவிட்டுத் தட்டுப்படும், கடையில் இதைச் செய்து பார்த்துப் பயந்துபோய் வேண்டாம் என்று வைத்துவிடுபவர்கள் உண்டு. அந்த இழுப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு முனையிலிருந்து விடுபடும்போது காந்தம் தடுப்பதில் பெரும்பகுதியை அடுத்த முனை இழுத்துக்கொள்ளும்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. விளக்கு எரியும்போது சுமார் 6 வாட் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கும். சமதரையில் நிமிர்ந்து உட்கார்ந்து 20 கிலோமீட்டர் வேகத்தில் போக எப்படியும் 80, 100 வாட் நாம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், அதில் இந்த 6 வாட் என்பது வேகத்தில் அரை கிலோமீட்டரைத் தின்னும். எதிர்க்காற்று இதைவிடப் பல மடங்கு தின்னும், அதைப்பற்றி யாரும் புலம்புவதில்லை.

விளக்கு வெளிச்சம் அருமை என்றுதான் சொல்ல வேண்டும். வெறும் இரண்டு, மூன்று வாட்டில் இவ்வளவு வெளிச்சமா என்று கேட்கத் தோன்றும். காரணம் வாட் இல்லை, கண்ணாடி அமைப்பு. நல்ல டைனமோ விளக்குகளில் ஒளிக்கற்றையின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியது போல முடியும், வெளிச்சம் முழுக்கச் சாலையில் விழும், எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்காது. டார்ச் போல வட்டமாக எல்லாப் பக்கமும் இறைக்கிற பேட்டரி விளக்குகளில் பாதி வெளிச்சம் மரக்கிளைகளுக்குத்தான் போய்ச் சேர்கிறது. வாங்கும்போது ‘இத்தனை லூமன்’ (மொத்த ஒளியின் அளவு) என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை விட்டுவிட்டு, ஒளி எந்த வடிவத்தில் தரையில் விழுகிறது என்று ஒரு சுவரில் அடித்துப் பாருங்கள்.

குறை இல்லாமலில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும் வேகத்தில் விளக்கு படபடவென்று துடிக்கும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் மின்னோட்டம் 13, 14 முறைதான் மாறி மாறி வரும், நடை வேகத்தில் சக்கரம் நொடிக்கு அரைச் சுற்று என்றால் துடிப்பு கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். ஓட்ட ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்திலேயே சரியாகிவிடுகிறது. நின்றுவிட்டால் அணைந்துபோகாமல் இருக்க விளக்குக்குள் கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு கெப்பாசிட்டர் வைத்திருக்கிறார்கள், சிக்னலில் நிற்கும்போது அது சில நிமிடங்களுக்கு மங்கலாக எரிய வைக்கிறது, பின்னால் வருகிறவருக்கு நாம் தெரிந்தால் போதும் என்ற அளவுக்கு. இந்த வசதி இல்லாத விளக்கும் விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள், குறிப்பாகப் பின்விளக்கில்.

பொருத்துவதுதான் ஹப் டைனமோவின் பெரிய தலைவலி. தனியாக வாங்கினால் ரிம்மில் ஸ்போக்குகளைப் புதிதாகக் கட்டி, பெண்டு எடுத்து, முழுச் சக்கரத்தையே செய்ய வேண்டும். கை பழகியவர் கிடைக்காவிட்டால் டைனமோவோடு கட்டிய சக்கரத்தையே வாங்கிவிடுங்கள், விலை கூடினாலும் நிம்மதி. ஸ்போக் துளைகளின் எண்ணிக்கை, ஃபோர்க்கின் அகலம், டிஸ்க் பிரேக்கா ரிம் பிரேக்கா, சக்கரத்தின் அளவு இவை நான்கும் பொருந்த வேண்டும். சக்கர அளவு ஏன் என்றால், சின்னச் சக்கரம் அதே வேகத்துக்கு வேகமாகச் சுற்றும், அதற்கென்றே தனி டைனமோ உண்டு, பெரிய சக்கரத்துக்கானதை மடக்கு சைக்கிளில் போட்டால் தேவையில்லாமல் கூடுதல் இழுவை.

இப்போது எல்லோரும் ஆவலாகக் கேட்கும் செல்போன் விஷயம். டைனமோவிலிருந்து வருவது மாறுதிசை மின்சாரம், போனுக்கு வேண்டியது நிலையான 5 வோல்ட். இடையில் இருக்கும் கன்வெர்ட்டர் அதை நேர்மின்சாரமாக்கி, கெப்பாசிட்டரில் சமன்செய்து, 5 வோல்ட்டாகக் கொடுக்கிறது, கொடுக்கும் வழியில் கொஞ்சத்தைச் சூடாகத் தின்றும்விடுகிறது. என்னுடையது 12 கிலோமீட்டர் வேகத்துக்குமேல்தான் விழித்துக்கொள்ளும். 20 கிலோமீட்டரில் நிதானமாகப் போனால் இரண்டரை வாட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால் ஏறத்தாழ 19 வாட் மணி. இழப்புகளையும் சேர்த்தால் முழுதாக நிரம்ப எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் மிதிக்க வேண்டும். அதுவும் போன் சும்மா இருந்தால். திரையை எரியவிட்டு வரைபடம் பார்த்துக்கொண்டே போனால் வருகிற இரண்டரை வாட்டையும் போனே சாப்பிட்டுவிடும், சதவீதம் ஏறாது, இறங்காமல் நின்றாலே லாபம். வேகமாக ஓட்டுகிறவர்களுக்குக் கதை கொஞ்சம் மாறும், 25, 30 கிலோமீட்டரில் நல்ல கன்வெர்ட்டர்கள் 5 வாட் வரைக்கும் கறந்துவிடுகின்றன, ஆனால் அந்த வேகத்தில் நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்?

இதைவிட எரிச்சலான ஒன்று இருக்கிறது, விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு முறை வேகம் குறையும்போதும் சார்ஜ் நின்றுபோகிறது, மறுபடி வேகம் எடுத்தால் மறுபடி தொடங்குகிறது, ஒவ்வொரு தடவையும் போன் ‘டிங்’ என்று சத்தம் போட்டுத் திரையை எரியவிடுகிறது. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஊருக்குள் இப்படியே போனால், சார்ஜ் ஏறியதைவிடத் திரை எரிந்து போனது அதிகமாக இருக்கும். சில போன்கள் இந்த விளையாட்டு பிடிக்காமல், கேபிளைப் பிடுங்கி மாட்டினால்தான் மறுபடி சார்ஜ் ஏற்றுவேன் என்று முரண்டு பிடிக்கின்றன. இதற்கு ஒரே வழி, நடுவில் ஒரு சின்ன பவர்பேங்க். டைனமோ பவர்பேங்கை நிரப்பட்டும், பவர்பேங்க் போனை நிரப்பட்டும். ஒரே நேரத்தில் உள்ளே வாங்கவும் வெளியே கொடுக்கவும் தெரிந்த பவர்பேங்காக இருக்க வேண்டும், அதைவிட முக்கியம், மின்சாரம் விட்டு விட்டு வந்தாலும் பட்டனை அழுத்தச் சொல்லாமல் தானாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டும். கொள்ளளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை, சின்னதே போதும்.

அப்புறம் விளக்கும் சார்ஜரும் ஒரே நேரத்தில் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். இருப்பது 3 வாட், இரண்டு பேருக்கும் பங்கு போட்டால் விளக்கு மங்கும், சார்ஜரும் அரைகுறையாக வேலை செய்யும். பகலில் சார்ஜர், இரவில் விளக்கு என்று ஒரு சுவிட்ச் போட்டு வைத்திருக்கிறேன். வாரக்கணக்கில் ஊர் ஊராகச் சைக்கிளில் போய்க் கூடாரம் அடிக்கிறவர்களுக்கு, ஜி.பி.எஸ். கருவி, தலை விளக்கு, போன் மூன்றும் இந்தக் கன்வெர்ட்டரால் உயிரோடு இருக்கும், அவர்களுக்கு நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். தினம் அரைமணி நேரம் வேலைக்குப் போய் வருகிறவருக்கு, வேலையிடத்துச் சுவரிலேயே பிளக் பாயிண்ட் இருக்கிறதே.

ஸ்போக்கில் காந்தம் மாட்டி, ஃபிரேமில் ஒரு சின்னப் பெட்டி வைத்து, ஒன்றையொன்று தொடாமலேயே எரியும் விளக்குகளும் வருகின்றன. டென்மார்க்கின் ரீலைட் நிறுவனம் இந்த வகையில் பெயர் பெற்றது. இழுவை கிட்டத்தட்ட இல்லை, பேட்டரி மாற்ற வேண்டாம், அணைக்க மறப்பது என்ற பேச்சே இல்லை. ஆனால் அது நம்மை மற்றவர்கள் பார்க்கத்தான், நாம் சாலையைப் பார்க்க அல்ல. தெருவிளக்கு உள்ள இடங்களில் போதும்.

பெடல் ஜெனரேட்டருக்கு வருவோம். பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்தால் டயரை ஒரு உருளை அழுத்தும், உருளையோடு சேர்ந்து நிலைக்காந்த டி.சி. மோட்டார் ஒன்று சுற்றும், மோட்டாரைச் சுற்றினால் அதுவே ஜெனரேட்டர். அங்கிருந்து மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு, பேட்டரிக்குள் போவதைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கண்ட்ரோலர், 12 வோல்ட் பேட்டரி, அதற்கப்புறம் இன்வெர்ட்டர். டையோடு இல்லாவிட்டால் மிதிப்பதை நிறுத்தியதும் பேட்டரி மோட்டாரை ஓட்டி நம் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடும், வேடிக்கையாகத்தான் இருக்கும், பேட்டரிக்கு மட்டும் நல்லதல்ல.

நான் வாங்கியதன் பெட்டியில் 300 வாட் என்று போட்டிருந்தது. அது மோட்டார் தாங்கும் அளவு, நம் கால் தரும் அளவு அல்ல. ஓரளவு உடற்பயிற்சி உள்ளவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது 75 முதல் 100 வாட், பயிற்சி பெற்ற பந்தயக்காரர்களுக்குத்தான் அதைப்போல் மூன்று மடங்கு, நான்கு மடங்கு. லண்டன் 2012 ஒலிம்பிக்கில் டீம் ஸ்பிரிண்ட் சைக்கிள் பந்தயத்தில் வெண்கலம் வாங்கிய ஜெர்மனியின் ராபர்ட் ஃபோர்ஸ்டமன், தொடையே தூண் மாதிரி இருப்பவர், ஒரு 700 வாட் டோஸ்டரை மிதித்து இயக்கி ஒரு ரொட்டித் துண்டை வாட்டினார். முடித்ததும் தரையில் விழுந்து கிடந்தார். அவர் உற்பத்தி செய்தது 0.021 யூனிட். நாம் மிதித்து ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் போடும் ஆசையை அங்கேயே விட்டுவிடலாம்.

நாம் கொடுக்கும் 100 வாட்டும் முழுசாகப் போய்ச் சேர்வதில்லை. டயருக்கும் உருளைக்கும் இடையில் கொஞ்சம், மோட்டாரில் கொஞ்சம், பேட்டரிக்குள் போய் வெளியே வருவதில் கொஞ்சம், இன்வெர்ட்டரில் கொஞ்சம் என்று வழியெங்கும் சுங்கம் கட்டி, கடைசியில் பாதி மிஞ்சினால் அதிர்ஷ்டம். ஒரு மணி நேரம் வியர்வை சிந்தினால் 50 வாட் மணி. ஒரு யூனிட் சேர 20 மணி நேரம். இன்வெர்ட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு 12 வோல்ட் எல்.இ.டி. விளக்குகளை நேராகப் பேட்டரியில் மாட்டினால் கொஞ்சம் தேறும், ஏனென்றால் இன்வெர்ட்டர் எதுவுமே ஓடாதபோதும் சில வாட்டுகளைச் சும்மாவே எரித்துக்கொண்டிருக்கும். மின்சாரம் போன ஒரு ராத்திரியைச் சமாளிக்க, அதாவது ஒன்பது வாட் விளக்கு இரண்டும் இன்டர்நெட் ரவுட்டரும் இரண்டு மணி நேரம் ஓட, இது போதும். ஆனால் அதே வேலையை முன்கூட்டியே சுவரில் சார்ஜ் ஏற்றி வைத்த பேட்டரி வியர்க்காமல் செய்துவிடும். அந்த ஒரு மணி நேர மிதிப்புக்கு உடம்பு எரிப்பது சுமார் 400 கிலோகலோரி, மின்சாரமாகக் கிடைத்தது அதில் பத்தில் ஒரு பங்கு.

இயந்திரமாகவும் இதில் குறை நிறைய. உருளை டயரை ஒரே இடத்தில் அழுத்தித் தேய்ப்பதால் டயர் சூடாகிறது, கருப்புத் தூள் தரையெல்லாம் கொட்டுகிறது, பக்கத்து அறையில் ஒருவர் தூங்க முடியாத அளவு சத்தம். கனமான சுழல்சக்கரம் இல்லாததால் பெடல் உச்சியிலும் அடியிலும் வரும் இடத்தில் மிதிப்பு விட்டுப்போகிறது, முழங்காலுக்கு இதமாக இல்லை. பேட்டரி நிரம்பியதும் கண்ட்ரோலர் இணைப்பைத் துண்டிக்க, சுமை எதுவும் இல்லாத மோட்டாரின் வோல்டேஜ் ஒரேயடியாக ஏறி, கூட வந்த கண்ட்ரோலர் ஒருநாள் டப் என்று வெடித்துப் புகைந்தது. விற்றவரிடம் கேட்டால் ‘மெதுவாக மிதியுங்கள்’ என்று பதில். மெதுவாக மிதிப்பதற்கா 300 வாட் என்று போட்டார்கள்? இப்போது மிஞ்சும் மின்சாரத்தைத் தின்ன ஒரு பழைய கார் பல்பைத் தனியாக இணைத்து வைத்திருக்கிறேன், வோல்டேஜ் எல்லை தாண்டினால் அது எரிய ஆரம்பிக்கும். இந்த ஏற்பாடு பெட்டியிலேயே வந்திருக்க வேண்டும்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டுக்கு வரும் பிள்ளைகளை ஏற்றி உட்காரவைத்து முதலில் ஒன்பது வாட் எல்.இ.டி.யை மாட்டுவேன், சிரித்துக்கொண்டே மிதிப்பார்கள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் 60 வாட் குண்டு பல்புக்கு மாற்றுவேன். காலில் திடீரென்று ஏறும் அந்தக் கனத்தை உணர்ந்த பிள்ளைக்கு வாட் என்றால் என்ன என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தர வேண்டாம். பள்ளிக்கூட ஆய்வகத்துக்கு வாங்குவதாக இருந்தால் நானே ஆதரவு தருவேன். வீட்டில் ஏற்கெனவே தினமும் உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கிறவர் என்றால் எப்படியும் வீணாகப் போகும் உழைப்புதானே, கொஞ்சம் பேட்டரியில் விழட்டும்.

மின்சார சைக்கிள் (இ-பைக்) வைத்திருப்பவர்கள் டைனமோ போடலாமா என்று கேட்பதுண்டு. தேவையில்லை, அந்தப் பேட்டரியில் 400, 500 வாட் மணி இருக்கிறது, விளக்கு நாள் முழுக்க எரிந்தாலும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

மற்றவர்கள் ஹப் டைனமோவும் நல்ல விளக்கும் முதலில் போடுங்கள், கன்வெர்ட்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சக்கரத்தைக் கழற்றும் முன் டைனமோவின் ஒயர் பிளக்கை எடுத்துவிட மறக்காதீர்கள், இழுத்து அறுந்தால் முனை உடைவது டைனமோ பக்கத்தில்தான், பழுதுபார்ப்பது பெரும்பாடு. மழைக்காலம் முடிந்ததும் அந்தப் பிளக்கில் பச்சைப் பூத்திருக்கிறதா என்று பார்த்து, சுரண்டி, துளி கிரீஸ் தடவுங்கள். டைனமோ விளக்கு எரியவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி அந்தப் பிளக், அல்லது மட்கார்டுக்கு அடியில் உரசி அறுந்த பின்விளக்கு ஒயர்.